ஸ்பீக்கர் பக்கத்தில் போன் வைத்தால் வருமே 'டிட்டிட் டிட்டிட்', அது எங்கே போனது?

கேள்விக்குறி:
ரொம்ப நாளாக மண்டையைக் குடையும் கேள்வி இது. முன்பெல்லாம் கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் பக்கத்தில் செல்போன் கிடந்தால், மணி அடிப்பதற்கு ஓரிரு நொடி முன்பே ஸ்பீக்கர் 'டிட்டிட் டிட்டிட் டிட்டிட் டர்ர்ர்' என்று உறுமும். 'யாருக்கோ போன் வருது' என்று ஆளாளுக்கு அவரவர் போனைத் தேடுவோம், அப்புறம்தான் மணியே அடிக்கும். போன் வரப்போவது ஸ்பீக்கருக்கு எப்படி முன்கூட்டியே தெரிந்தது? இப்போதும் அதே ஸ்பீக்கர்தான், அதே மேசைதான், போனும் பக்கத்தில்தான் கிடக்கிறது. சத்தத்தை மட்டும் காணோம். தம்பியிடம் சொன்னால் கதை விடுகிறேன் என்கிறான், அவன் அதைக் கேட்டதே இல்லையாம். இப்படிச் சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போன சத்தங்கள் வேறு என்னென்ன, அவையெல்லாம் எதனால் வந்தன என்று தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

பழைய ரேடியோ:
கதை இல்லை, தம்பியிடம் தைரியமாகச் சொல்லுங்கள். 2ஜி என்கிற ஜிஎஸ்எம் முறையில் ஒரே அலைவரிசையை எட்டுப் பேர் முறைவைத்துப் பயன்படுத்துவார்கள். ஒரு சுற்றுக்கு 4.615 மில்லிநொடி, அதில் உங்கள் போனுக்குக் கிடைப்பது 0.577 மில்லிநொடி. அந்தக் கொஞ்ச நேரத்தில் பலமாக ஒரு துடிப்பை அனுப்பிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும், அடுத்த சுற்றில் மறுபடி ஒரு துடிப்பு. கணக்குப் போட்டால் நொடிக்குச் சுமார் 217 துடிப்பு. 900 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலை யார் காதுக்கும் கேட்காது, ஆனால் நொடிக்கு 217 தடவை விட்டு விட்டு வருகிறதே, அந்த விட்டு விட்டு வரும் வேகம் காதுக்கு நன்றாகவே கேட்கும். ஸ்பீக்கர் ஒயர் அதை ஆன்டெனாவாக நின்று பிடிக்கும், உள்ளே இருக்கும் ஆம்ப்ளிஃபயர் அலையை விட்டுவிட்டு அதன் ஏற்ற இறக்கத்தை மட்டும் பெருக்கிக் கொடுக்கும். ஏஎம் ரேடியோ வேலை செய்வதும் கிட்டத்தட்ட இப்படித்தான், என்ன, இங்கே யாரும் கேட்டுக்கொள்ளாமலேயே ஸ்பீக்கர் ரேடியோ ஆகிவிடுகிறது.

முன்கூட்டியே தெரிவதற்குக் காரணமும் இதிலேயே இருக்கிறது. அழைப்பு வந்ததும் நேராக மணி அடித்துவிடாது. டவர் முதலில் உங்கள் போனைப் பெயர் சொல்லிக் கூப்பிடும், போன் பதில் சொல்லும், சிம் உண்மையானதுதானா என்று சோதனை நடக்கும், பேசுவதற்கு ஒரு இடம் ஒதுக்கப்படும், இதெல்லாம் முடிந்த பிறகுதான் மணி. அந்தச் சிறு சிறு பேச்சுவார்த்தைதான் டிட்டிட். பேசுவதற்கான இடம் கிடைத்து எல்லாச் சுற்றிலும் துடிப்பு போகத் தொடங்கியதும் டர்ர்ர்.

3ஜியில் முறை மாறியது. துடிப்புத் துடிப்பாக இல்லாமல், குறைந்த பலத்தில் தொடர்ச்சியாக அனுப்புவார்கள். விட்டு விட்டு வராத அலையைப் பெருக்கினால் ஸ்பீக்கரில் கேட்பதற்கு ஒன்றும் இல்லை. 2ஜி இன்னும் ஓடுகிற இடத்தில், போனை 2ஜிக்கு மாற்றி வைத்தால் தம்பிக்கு இன்றைக்கே போட்டுக் காட்டலாம்.

கடைசி பெஞ்ச்:
அண்ணா, அழைப்பே வராமல் நடுராத்திரியில் சும்மா டிட்டிட் என்று அடிக்குமே, அது என்ன? நான் பேய் என்று முடிவுகட்டி ஸ்பீக்கர் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறேன்.

பழைய ரேடியோ:
பேய் இல்லை, வருகைப்பதிவு. போன் சும்மா கிடந்தாலும் குறிப்பிட்ட இடைவெளியில் 'இங்கேதான் இருக்கிறேன்' என்று நெட்வொர்க்குக்குச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் யாராவது கூப்பிடும்போது எந்தப் பக்கம் தேடுவது என்று அதற்குத் தெரியாது. ராத்திரி வீடு அடங்கியிருப்பதால் உங்கள் காதில் விழுந்தது, பகலிலும் அடித்துக்கொண்டுதான் இருந்திருக்கும்.

சாக்பீஸ்:
காணாமல் போன சத்தம் என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது பிக்சர் ட்யூப் டிவி. ஒலியை முழுவதும் குறைத்துவிட்டாலும் அதிலிருந்து மெல்லிசாக ஒரு 'ஈஈஈ' வந்துகொண்டே இருக்கும். சின்ன வயதில் அடுத்த அறையில் இருந்தே, டிவி ஓடுகிறது என்று அந்தச் சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவேன். அப்பாவுக்கு அது கேட்கவே கேட்காது, நான் சும்மா சொல்வதாகவே கடைசிவரை நினைத்தார்.

கணக்கு ரொம்ப எளிது. ஒரு முழுப் படத்துக்கு 625 கோடுகள், நொடிக்கு 25 படங்கள். பெருக்கினால் 15,625. எலக்ட்ரான் கற்றை நொடிக்கு அத்தனை முறை திரையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு ஓடித் திரும்பும். அதை இழுத்தடிக்கும் சுருள்களும் ஃப்ளைபேக் டிரான்ஸ்ஃபார்மரும் அதே வேகத்தில் நடுங்கும், நமக்குக் கேட்டது அந்த நடுக்கம். அமெரிக்க முறையில் 525 கோடு என்பதால் அங்கே கொஞ்சம் தள்ளி, 15,734 ஹெர்ட்ஸ்.

வயது ஏற ஏறக் காதில் முதலில் போவது உச்சத்தில் இருக்கும் இந்த மாதிரி ஒலிகள்தான். குழந்தைக்கு 20,000 ஹெர்ட்ஸை ஒட்டிக் கேட்கும், நடுவயதில் 15,000 தாண்டுவதே பலருக்குக் கஷ்டம். ஆகவே ஒரே வீட்டில் ஒரே டிவி, பிள்ளைக்குக் கத்துகிறது, தகப்பனுக்குக் கம்மென்று இருக்கிறது. இரண்டு பேர் சொல்வதும் சரி.

கடைசி பெஞ்ச்:
டீச்சர், இதை வைத்து ஒரு வியாபாரமே நடந்ததாமே?

சாக்பீஸ்:
நடந்தது. 2005-ல் பிரிட்டனில் ஹோவர்ட் ஸ்டேபிள்டன் என்பவர் 'மொஸ்கிட்டோ' என்று ஒரு கருவி செய்தார். கடை வாசலில் கூட்டமாக நின்று வம்பு செய்யும் விடலைப் பசங்களை விரட்ட, சுமார் 17,400 ஹெர்ட்ஸில் எரிச்சலான ஒரு சத்தம், பெரியவர்களுக்குக் கேட்காது. 2006-ல் கேலி நோபல் என்று சொல்லப்படும் இக் நோபலின் அமைதிப் பரிசு அவருக்குக் கிடைத்தது. ஆனால் பசங்க சும்மா இருப்பார்களா, அதே சத்தத்தை ரிங்டோனாக்கி வகுப்பில் வைத்துக்கொண்டார்கள். டீச்சருக்குக் கேட்காது, மெசேஜ் வந்தது பெஞ்சில் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கருவியை வைப்பது நியாயமா என்று பெரிய சண்டையே நடந்தது, என்னைக் கேட்டால் நியாயமே இல்லை. ஒரு தப்பும் செய்யாத பிள்ளையும் கைக்குழந்தையும் அந்தப் பக்கம் போனால் அவர்களுக்கும் கேட்கும்தானே.

ஸ்பேனர்:
எல்லோரும் சத்தத்தை ஒரு வேடிக்கையாகப் பேசுகிறீர்கள், எனக்கு அது தொழில். ஒரு மோட்டார் வேலைக்கு வந்தால் கழற்றுவதற்கு முன்னால் ஓடவிட்டு, நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியைப் பேரிங் பக்கம் ஊன்றி, பிடியைக் காது எலும்பில் வைத்துக் கேட்பேன். பேரிங் போயிருந்தால் மணலை நறநறவென்று அரைக்கிற சத்தம் வரும், பெல்ட் தளர்ந்திருந்தால் ஸ்டார்ட் ஆகும் அந்த ஒரு நொடி மட்டும் கிரீச், ஃபேனின் கப்பாசிட்டர் இறங்கிவிட்டால் சுற்றாமல் உம்ம் என்று மட்டும் இருக்கும். இதெல்லாம் யாரும் வேண்டுமென்று வைத்த சத்தம் இல்லை, மெஷின் தானாகவே சொல்வது.

இப்போது வருகிற சாமான் எல்லாம் ஊமை. கெட்டுப்போகும் கடைசி நிமிடம் வரை ஒன்றும் சொல்லாது, அப்புறம் செத்துப்போகும், திரையில் ஒரு எரர் நம்பர் வரும். கம்ப்யூட்டரையே எடுத்துக்கொள்ளுங்கள், பழைய ஹார்ட் டிஸ்க் சாவதற்கு முன் டிக் டிக் என்று அடித்துக்கொள்ளும், காது உள்ளவன் உடனே ஃபைலையெல்லாம் காப்பி எடுத்து வைத்துவிடுவான். எஸ்எஸ்டி அப்படியா, நேற்று வரை நன்றாக இருக்கும், இன்றைக்கு இருக்காது. முன்னேற்றம் என்று சொல்லி நம் காதைப் பிடுங்கிவிட்டார்கள் என்பேன்.

பழைய ரேடியோ:
ஸ்பேனர் அண்ணன் சொல்வதில் பாதிக்கு ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சத்தம் எல்லாமே கசிவு. டியூப்லைட் சோக்கை நினைத்துப் பாருங்கள், ராத்திரி முழுக்க 'ம்ம்ம்' என்று தலைக்கு மேலே. எலக்ட்ரானிக் சோக் வந்தது, விளக்கை 20,000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஓட்டியது, சத்தமும் போனது, கண்ணை உறுத்தும் துடிப்பும் போனது, மின்சாரமும் மிச்சம். அதைப் போய் இழப்பு என்று சொல்ல மனசு வரவில்லை.

சாக்பீஸ்:
ஒரு சின்னத் திருத்தம். சத்தத்தைக் குறைத்ததால் மின்சாரம் மிச்சமாகவில்லை. ஒலியில் இருக்கும் ஆற்றல் அவ்வளவு அற்பம். ஒரு ஆள் தொண்டை கிழியக் கத்தினாலும் வெளியே வரும் ஒலி ஒரு வாட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில்தான் இருக்கும், சாதாரணப் பேச்சு அதிலும் நூறில் ஒன்று. பழைய சோக் மின்சாரத்தைத் தின்றது வெப்பமாக, சத்தமாக அல்ல. நம் காது அவ்வளவு நுட்பமானது என்பதால்தான் இத்தனை அற்பமான கசிவும் நமக்குப் பெரிதாகத் தெரிகிறது, ஸ்பேனர் அண்ணனுக்குப் பேரிங் தேய்வதும் கேட்கிறது.

சோக்கைப் பற்றியே ஒரு புதிர் போடுகிறேன். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சோக்கும் டிரான்ஸ்ஃபார்மரும் உறுமுவது 100 ஹெர்ட்ஸில். ஏன் இரட்டிப்பு?

ஹெட்ஃபோன்:
காந்தத்துக்கு எந்தப் பக்கம் வடக்கு என்பது இரும்புக்குக் கவலை இல்லை என்பதால். காந்தமாக்கினால் இரும்பின் நீளம் துளியூண்டு மாறும், மின்சாரம் இந்தப் பக்கம் பாய்ந்தாலும் அந்தப் பக்கம் பாய்ந்தாலும் அதே மாற்றம்தான். ஒரு சுழற்சியில் மின்சாரம் இரண்டு முறை உச்சிக்குப் போகிறது, இரும்பும் இரண்டு முறை அசைகிறது. 60 ஹெர்ட்ஸ் உள்ள நாடுகளில் அது 120. ஒலிப்பதிவு வேலையில் இருக்கிறேன், இந்த உறுமலைத் துரத்துவதிலேயே பாதி ஆயுள் போய்விட்டது.

ஆனால் இதே உறுமல் போலீசுக்கு உதவுவது பலருக்குத் தெரியாது. மின்கட்டமைப்பின் 50 ஹெர்ட்ஸ் எப்போதும் சரியாக 50-ல் நிற்பதில்லை, தேவை கூடினால் ஒரு துளி இறங்கும், குறைந்தால் ஒரு துளி ஏறும். ஒரு கட்டமைப்பில் இணைந்த எல்லா ஊரிலும் ஒரே நேரத்தில் ஒரே ஏற்ற இறக்கம். அதைத் தொடர்ந்து பதிந்து வைத்திருந்தால், ஒரு ஒலிப்பதிவின் பின்னணியில் ஒளிந்திருக்கும் உறுமலோடு ஒப்பிட்டு, அது எந்த நாளில் எந்த நேரத்தில் பதிவானது, நடுவில் வெட்டி ஒட்டியிருக்கிறார்களா என்று சொல்லிவிடலாம். ரொமேனியாவைச் சேர்ந்த கேட்டலின் கிரிகோராஸ் இதில் முன்னோடி. நாங்கள் துப்புரவாகத் துடைத்து எறிய நினைக்கும் குப்பை, தடயவியல்காரருக்குக் கைரேகை.

கேள்விக்குறி:
அட, ஒரு துளி ஏறி இறங்குவதால் வேறு எதுவும் பாதிக்காதா?

ஹெட்ஃபோன்:
கடிகாரம் பாதிக்கும். 2018-ன் தொடக்கத்தில் செர்பியா, கொசோவோ இடையே யார் எவ்வளவு மின்சாரம் தருவது என்ற தகராறில், கண்ட ஐரோப்பாவின் கட்டமைப்பு முழுவதும் வாரக்கணக்கில் 50-க்கு ஒரு மயிரிழை கீழே ஓடியது, சராசரி 49.996 ஹெர்ட்ஸ். மின் அடுப்பு, படுக்கையறை அலாரம் போன்றவற்றில் இருக்கும் கடிகாரங்கள் பல, மின்சாரத்தின் துடிப்பை எண்ணித்தான் நேரம் காட்டும். மார்ச் தொடக்கத்தில் அவையெல்லாம் கிட்டத்தட்ட ஆறு நிமிடம் பின்தங்கி நின்றன, எங்கோ இரண்டு இடத்தில் நடந்த சண்டைக்கு இருபத்தைந்து நாட்டுக்காரர்கள் வேலைக்குத் தாமதம். பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் கடிகாரத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. அதன் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிரும், அதைப் பதினைந்து தடவை பாதிப் பாதியாக்கினால் சரியாக ஒன்று.

கடைசி பெஞ்ச்:
32768, 16384, 8192... போட்டுப் பார்த்தேன், ஒன்றில்தான் வந்து நிற்கிறது. வேலை நேரத்தில் கால்குலேட்டரைத் தட்ட வைத்த ஹெட்ஃபோன் அண்ணனுக்கு நன்றி.

அப்புறம் ஒரு சந்தேகம். டயல்-அப் இன்டர்நெட் காலத்தில் மோடம் போட்ட கூப்பாடு நினைவிருக்கிறதா, 'பீங் கீ கீ குர்ர்ர் க்ஷ்ஷ்ஷ்'? அதை ஏன் நம் காதுக்குக் கேட்கும்படி வைத்தார்கள்?

பழைய ரேடியோ:
இது கசிவு இல்லை, வேண்டுமென்றே வைத்தது. மோடம் டயல் செய்தபின் எதிர்முனை எடுத்ததா, எங்கேஜ்டா, தப்பான நம்பர் போய் யாராவது ஒரு அம்மா 'ஹலோ ஹலோ' என்கிறாரா என்று மெஷினை விட மனிதக் காது சீக்கிரம் கண்டுபிடிக்கும். அதற்காக உள்ளே ஒரு குட்டி ஸ்பீக்கர். இணைப்பு கிடைத்ததும் தானாக அடங்கிவிடும், அதற்கப்புறமும் அதே கூப்பாடு கம்பியில் போய்க்கொண்டுதான் இருக்கும், நமக்குக் கேட்காது அவ்வளவுதான். அந்தக் கூப்பாட்டுக்கும் வரிசை உண்டு. எடுத்த பக்கம் முதலில் 2,100 ஹெர்ட்ஸில் நீளமாக ஒரு சத்தம் விடும், அது மோடத்துக்கு மட்டும் அல்ல, நடுவில் இருக்கும் டெலிபோன் நெட்வொர்க்குக்கும்தான். பேச்சில் எதிரொலி வராமல் தடுக்க அங்கே கருவிகள் இருக்கும், 'இனி பேசப்போவது மனிதர்கள் இல்லை, நீ ஒதுங்கிக்கொள்' என்று அவற்றுக்குச் சொல்வது அந்தச் சத்தம். பிறகு இரண்டு மோடமும் கம்பி எவ்வளவு மோசம் என்று அளந்து பார்த்து, எந்த வேகத்தில் பேசலாம் என்று பேரம் முடிக்கும். ராத்திரி வீட்டில் யாரும் எழுந்துவிடக் கூடாது என்றால் ஏடிஎம்0 என்று ஒரு கட்டளை கொடுத்து வாயை அடைக்கலாம். தெரிந்தவர்கள் பாக்கியவான்கள்.

ஹெட்ஃபோன்:
டெலிபோன் என்றதும் எனக்குப் பிடித்த புதிர். ஒரு ஆண் குரலின் அடிப்படை அதிர்வு பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸை ஒட்டி இருக்கும். பழைய டெலிபோன் கடத்துவது 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரை மட்டுமே. அப்படியானால் அப்பா போனில் பேசும்போது அவருடைய கட்டைக்குரலின் அடித்தளம் கம்பியில் வரவே இல்லை. இருந்தும் கட்டைக்குரலாகத்தானே கேட்கிறது. வராத ஒலியை எப்படிக் கேட்டோம்?

கேள்விக்குறி:
மூளைக்கு ஏற்கெனவே அப்பா குரல் பழக்கம் என்பதாலா?

ஹெட்ஃபோன்:
இல்லை, முன்பின் தெரியாத ஆள் பேசினாலும் அப்படித்தான் கேட்கும். 100 ஹெர்ட்ஸ் குரலில் 100 மட்டும் இருப்பதில்லை, 200, 300, 400, 500 என்று அதன் மடங்குகளும் கூடவே வரும். கம்பியில் முதல் இரண்டும் வெட்டுப்பட்டாலும் மீதி எல்லாம் நூறு நூறாகத் தள்ளி நிற்கின்றன. அந்த இடைவெளியை வைத்து மூளை அடித்தளம் 100 என்று தானே கட்டிக்கொள்கிறது. செல்போனின் சின்ன ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டால் பேஸ் இருப்பதுபோல் தோன்றுவதும் இந்த ஏமாற்றுதான், அவ்வளவு சின்னத் தகட்டால் அந்த அதிர்வை உண்டாக்கவே முடியாது.

மேல் பக்கம் வெட்டியதற்குத்தான் மூளையிடம் மருந்து இல்லை. 'ஸ்', 'ஃப்' இரண்டையும் பிரித்துக் காட்டும் அடையாளம் பெரும்பாலும் 3,400-க்கு மேலே இருக்கிறது, அது வருவதில்லை, அதனால்தான் பெயரையும் முகவரியையும் போனில் எழுத்து எழுத்தாகச் சொல்லித் தொலைக்க வேண்டியிருந்தது. இப்போது எச்டி வாய்ஸ் என்று சொல்கிறார்களே, அது 50 முதல் 7,000 ஹெர்ட்ஸ் வரை கடத்தும். பேசுபவர் பக்கத்து நாற்காலியில் இருப்பதுபோல் திடீரென்று தோன்றினால் அந்த அழைப்பு இந்த வகை.

பழைய ரேடியோ:
இதைவிடப் பெரிய ஏமாற்று ஒன்று இருக்கிறது. செல்போனில் எதிர்ப்பக்கம் பேசாமல் இருக்கும்போது மெல்லிசாக 'ஸ்ஸ்ஸ்' என்று கேட்கிறதல்லவா? அது பெரும்பாலும் அங்கிருந்து வருவதே இல்லை. இரண்டு பேர் பேசினால் ஒவ்வொருவரும் பாதி நேரத்துக்கு மேல் சும்மாதான் இருக்கிறார்கள். அந்த நேரத்தில் பேட்டரியை வீணாக்குவானேன் என்று போன் அனுப்புவதையே பெரும்பாலும் நிறுத்திவிடும். அப்போது கேட்கிறவர் காதில் சுத்தமான மௌனம் விழுமா, உடனே அவர் 'ஹலோ, லைன்ல இருக்கீங்களா' என்று பதறுவார். அதனால் அவருடைய போனே, எதிர்ப்பக்கத்து இரைச்சல் ஏறக்குறைய எப்படி இருந்தது என்ற சின்னக் குறிப்பை வைத்துக்கொண்டு, ஒரு போலி இரைச்சலைத் தயாரித்து ஊதும். இரைச்சலை ஒழிப்பதற்காக எத்தனையோ வருடம் பாடுபட்டோம், கடைசியில் நாங்களே செய்து வைக்க வேண்டியதாயிற்று.

ஸ்பேனர்:
இதைத்தான் நானும் சொல்கிறேன்! சத்தம் இல்லை என்றால் மனுஷனுக்கு நம்பிக்கை வருவதில்லை. போட்டோ எடுத்தால் 'க்ளிக்', பட்டன் தட்டினால் 'டக்', எல்லாமே டேப் போட்ட சத்தம். பழைய கேமராவில் உள்ளே இருந்த கண்ணாடி எழும்பி விழுந்த சத்தம், இப்போது எழும்பவும் கண்ணாடி இல்லை, விழவும் இல்லை.

சாக்பீஸ்:
என் வகுப்புப் பிள்ளைகளுக்கு அது 'போட்டோ சத்தம்', அவ்வளவுதான், எதன் சத்தம் என்ற கேள்வியே அவர்களுக்கு எழவில்லை. ஜப்பானிலும் தென் கொரியாவிலும் விற்கும் போன்களில் பெரும்பாலும் அதை அணைக்கவே முடியாது, திருட்டுத்தனமாகப் படம் எடுப்பதைத் தடுக்க. வெறும் அலங்காரமாகப் போட்ட சத்தம் எச்சரிக்கை வேலைக்கு வந்துவிட்டது.

வெள்ளைக்கோல்:
இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன் (எனக்குத் திரைவாசிப்பான் படித்துக்காட்டும்). எனக்குப் பார்வை இல்லை. சத்தம் கசிவா தகவலா என்ற உங்கள் சண்டையில் என் பக்கத்தையும் வைக்கிறேன்.

தெருவைக் கடக்க நிற்கும்போது எனக்கு வேண்டியது வண்டி வருகிறதா என்பது மட்டும் இல்லை. நின்றுகொண்டிருக்கிறதா, கிளம்பப் போகிறதா, திரும்பப் போகிறதா, வழிவிட்டு மெதுவாகிறதா என்பதும் வேண்டும். பெட்ரோல் வண்டியில் இதெல்லாம் இன்ஜின் சத்தத்திலேயே இருந்தது. ஐடிலிங்கில் 'புடு புடு' என்றால் நிற்கிறது, சுருதி ஏறினால் கிளம்புகிறது, கியர் இறங்கினால் வேகம் குறைகிறது. யாரும் எனக்காகச் செய்தது இல்லை, ஸ்பேனர் சொன்னதுபோல் அதுவாகவே சொன்னது. மின்சாரக் கார் வந்தபின் சிக்னலில் எனக்கு முன்னால் ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள பொருள் நிற்கிறது, அது இருப்பதே தெரியவில்லை. வேகமாக வந்தால் தெரியும், டயர் தரையில் உரசும் சத்தம் போதும். ஆபத்து மெதுவாக வருவதில்தான்.

இதற்குச் சட்டம் வந்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2019 ஜூலையிலிருந்து புதிய மாடல்களுக்கும், 2021 ஜூலையிலிருந்து எல்லாப் புதிய மின்சாரக் கார்களுக்கும், 20 கிலோமீட்டர் வேகம் வரை செயற்கையாக ஒரு சத்தம் கட்டாயம், வேகத்துக்கு ஏற்பச் சுருதியும் மாற வேண்டும். ஆனால் அங்கே நின்றுகொண்டிருக்கும்போது சத்தம் கட்டாயம் இல்லை. அமெரிக்க விதியில் பார்க்கிங் கியரில் இல்லாதவரை நின்றாலும் சத்தம் வேண்டும். எனக்கு அமெரிக்க விதிதான் பிடிக்கிறது, காரணத்தை மேலேயே சொல்லிவிட்டேன். கசிவு என்று சொல்லி அடைத்ததை அப்புறம் சட்டம் போட்டுத் திறக்க வேண்டியிருக்கிறது பாருங்கள். சோக் சத்தம் போனதில் எனக்கும் வருத்தம் இல்லை, எது போகலாம் எது போகக் கூடாது என்று முடிவு செய்பவர்கள் எங்களையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

பழைய ரேடியோ:
இந்தக் கோணம் எனக்குத் தோன்றவே இல்லை. நின்றால் சத்தம் வேண்டாம் என்று எழுதியவர் சிக்னலில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு தடவை நின்று பார்த்திருக்க வேண்டும்.

கேள்விக்குறி:
வெள்ளைக்கோல், எழுதியதற்கு நன்றி. எனக்கு இன்னொரு கேள்வி, தூரத்தில் போகும் ரயில் ராத்திரியில் மட்டும் பக்கத்தில் போவதுபோல் கேட்கிறதே, ஊர் அமைதியாக இருப்பதால் மட்டும்தானா?

சாக்பீஸ்:
அமைதி பாதிக் காரணம். மீதிப் பாதி காற்றின் வெப்பம். ஒலி சூடான காற்றில் வேகமாகப் போகும், ஒரு டிகிரிக்கு நொடிக்குச் சுமார் 0.6 மீட்டர் கூடும். பகலில் தரையை ஒட்டிய காற்று சூடு, மேலே குளிர்ச்சி. அலையின் அடிப்பகுதி முந்திக்கொண்டு ஓடுவதால் அலை மேல் நோக்கி வளைந்து நம் தலைக்கு மேலாகப் போய்விடுகிறது. தெளிந்த வானமுள்ள இரவில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடும், அடியில் குளிர்ச்சி மேலே சூடு என்று தலைகீழாகும், இப்போது அலை தரையை நோக்கி வளைகிறது. பகலில் நமக்கு மேலே தாண்டிப் போன அதே ரயில் சத்தம் ராத்திரி நம் ஜன்னலில் இறங்குகிறது.

எல்லோரும் கருவிகளையே பேசுகிறீர்கள், வீட்டிலேயே செய்து பார்க்கும்படி இரண்டு தருகிறேன். முதலாவது, ஒழுகும் குழாய். சொட்டு விழும்போது 'ப்ளிங்க்' என்கிறதே, தண்ணீரில் தண்ணீர் மோதுகிற சத்தம் என்றுதான் யாரும் நினைப்போம். இல்லை. சொட்டு விழுந்த குழியின் அடியில் ஒரு காற்றுக்குமிழ் சிக்கிக்கொள்கிறது, அது சுருங்கி விரிந்து துடிப்பதுதான் அந்தச் சத்தம். குமிழ் எவ்வளவு சிறிதோ அவ்வளவு கீச்சு என்று மார்செல் மின்னார்ட் 1933-லேயே கணக்குச் சொன்னார், ஒரு மில்லிமீட்டர் ஆரமுள்ள குமிழ் என்றால் 3,300 ஹெர்ட்ஸ் பக்கம். 2018-ல் கேம்பிரிட்ஜில் அனுராக் அகர்வாலும் சாமுவேல் பிலிப்ஸும் அதிவேகக் கேமராவும் தண்ணீருக்குள் மைக்கும் வைத்து, குமிழ் தனக்கு மேலே இருக்கும் நீர்ப்பரப்பையே ஆட்டி ஒலியை வெளியே தள்ளுவதைக் காட்டினார்கள். பக்கெட்டில் கொஞ்சம் பாத்திரம் கழுவும் சோப்பு நீரைக் கலந்துவிடுங்கள், நீரின் பரப்பு இழுவிசை குறைந்துவிடும், சத்தம் நின்றுவிடும். குழாய் என்னவோ ஒழுகிக்கொண்டுதான் இருக்கும்.

இரண்டாவது, குழாயைப் பலமாகத் திறந்து வெந்நீரை ஒரு கனமான கோப்பையில் பிடியுங்கள், பொடிப்பொடியாகக் குமிழ்கள் கலந்து பால்போல் தெரியும். உடனே கோப்பையின் அடிப்பக்கத்தை ஸ்பூனால் விடாமல் தட்டுங்கள். குமிழ் மேலே போய்த் தண்ணீர் தெளியத் தெளிய, ஒவ்வொரு தட்டுக்கும் சுருதி ஏறிக்கொண்டே போகும். குமிழ் கலந்த தண்ணீரில் ஒலியின் வேகம் பல மடங்கு குறைந்துவிடுவதுதான் காரணம். இதை 1982-ல் ஃபிராங்க் கிராஃபோர்ட் விளக்கி எழுதினார்.

கடைசி பெஞ்ச்:
ரெண்டாவதைச் செய்து பார்த்தேன், நிஜமாகவே ச ரி க ம என்று ஏறுகிறது! வீட்டில் உள்ளவர்கள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். தெளிந்த தண்ணீரை மறுபடி கலக்கிவிட்டுத் தட்டினால் ஒன்றும் ஆகவில்லையே?

சாக்பீஸ்:
கலக்கினால் குமிழ் வந்துவிடாதே. குழாயிலிருந்து வரும் நீரில் காற்று கரைந்திருக்கும், அழுத்தம் குறைந்ததும் அதுதான் பொடிக் குமிழாகப் பிரிந்தது. பிரிந்தது போய்விட்டது. புதிதாகப் பிடித்துத்தான் தட்ட வேண்டும்.

கேள்விக்குறி:
கெட்டிலில் தண்ணீர் கொதிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் இரைச்சல் பலமாகி, நன்றாகக் கொதிக்கும்போது குறைந்துவிடுவதும் குமிழ் சமாச்சாரம்தானா?

சாக்பீஸ்:
அதேதான். அடியில் பிறக்கும் நீராவிக் குமிழ் மேலே ஏறும்போது இன்னும் சூடாகாத தண்ணீரில் மாட்டி நசுங்கிவிடும், ஆயிரக்கணக்கான குமிழ்கள் நசுங்கும் சத்தம்தான் அந்த இரைச்சல். தண்ணீர் முழுவதும் சூடானதும் குமிழ் நசுங்காமல் மேலே வந்து உடையும், சத்தம் தணியும். அடுப்புப் பக்கம் போகாமலே காதாலேயே தெரிந்துகொள்ளலாம்.

இரவுப்பணி:
நடுராத்திரியில் இதைப் படித்ததும் எனக்கும் ஒரு சந்தேகம் கிளம்பிவிட்டது. என் செல்போன் சார்ஜரில் இருந்து காதை வைத்தால் 'கீஈஈ' என்று வருகிறது. வேடிக்கை என்னவென்றால் போன் சார்ஜ் ஆகும்போது வரவில்லை, போனைக் கழற்றிவிட்டு சார்ஜரை மட்டும் பிளக்கில் விட்டால் வருகிறது. வேலை இல்லாதபோது ஏன் கத்துகிறது?

பழைய ரேடியோ:
வேலை இல்லாததால்தான். சார்ஜர் உள்ளே மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டித்தான் அனுப்பும், போன் இழுக்கும்போது அந்த வேகம் காதின் எல்லைக்கு மேலே. இழுக்க ஆள் இல்லை என்றால் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க நிறைய வெட்டுகளைத் தவிர்த்துவிட்டு, எப்போதாவது ஒன்று என்று விடும். வேகம் இறங்கி நம் காதுக்குள் வந்துவிடுகிறது, உள்ளே இருக்கும் சுருளும் கப்பாசிட்டரும் அதற்கேற்ப அதிர்கின்றன. பொதுவாக ஆபத்து எதுவும் இல்லை. கருகிய வாசனையோ தொட்டால் கொதிக்கும் சூடோ இருந்தால் மட்டும் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

இரவுப்பணி:
சூடு இல்லை, வாசனையும் இல்லை. கழற்றி வைத்துவிட்டேன். இப்போது ஃப்ரிட்ஜ் கேட்கிறது.

ஸ்பேனர்:
ஃப்ரிட்ஜ் என்ன சத்தம் போடுகிறது, சொல்லுங்கள். உம்ம் என்றால் ஒன்றும் இல்லை. டக் டக் என்று அடித்து அடித்து நின்றால் நாளைக்கே ஆளைக் கூப்பிடுங்கள்.